துப்பாக்கி உரைத்த உண்மை

நிழற்படம் பொய் கூறாது என்பது பலரது நம்பிக்கை. போர்க்களப் படங்களைப் பொறுத்தவரை அந்நம்பிக்கையை ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் 3 வரை, கெட்டிஸ்பர்க் என்னும் ஊரில் பெரும்போர் நிகழ்ந்தது. போர் ஓய்ந்தபின் அலெக்ஸாண்டர் கார்ட்னர் தம் குழுவினருடன் அங்குச் சென்று படங்கள் எடுத்தார். அவற்றுள் ஒன்றில், பாறைகளுக்கிடையே எழுப்பிய கற்சுவரின் பின்னே தென்மாநிலப் படைவீரன் ஒருவன் இறந்து கிடக்கின்றான். சுவரில் ஒரு துப்பாக்கி சாய்ந்து நிற்கின்றது. மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுபவன் இவன் என்று 1866இல் வெளியான தம் நூலில் கார்ட்னர் எழுதினார். உலகமும் நெடுங்காலம் நம்பிற்று.

வில்லியம் ஃபிரசனிட்டோ என்னும் ஆய்வாளர் 1975இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். அதே உடல் வேறோரிடத்திலும் படமாக்கப்பட்டிருந்தது. துப்பாக்கியோ, குறிவீரர் கையாளும் வகையன்று. அக்குழுவினரின் வேறு படங்களிலும் அது தோன்றுகின்றது. எனவே, உடலை இடம்மாற்றிக் காட்சியை அமைத்தனர் என்பது ஆய்வாளர் முடிபு.

மாணவர்களே, படத்தில் படைக்கலத்தைக் கண்டால் அதன் வகை யாது, அதனை ஏந்தியவர் யாவர், படத்தின் கீழுள்ள குறிப்போடு அது பொருந்துமா என்று வினவுங்கள். ஒரு சான்றை மட்டும் நம்பிவிடாதீர்கள். அப்போரில் இங்கிலாந்தில் செய்த என்ஃபீல்டு துப்பாக்கியை இருதரப்பினருமே ஏந்தினர்; அதனை மட்டும் கண்டு வீரனின் தரப்பை உரைத்தல் இயலாது.

இறந்தவன் எழுந்து மறுத்துரைக்க மாட்டான். அவன்மீது ஏற்றிய பொய்யை நீக்குதல் வரலாறு கற்போர் கடமையாகும்.