புழலிலிருந்து எண்ணூர் வரை: ஒரு நீர்வழியின் வரலாறு

தொண்டை மண்டலத்தில் ஜைன அறம் தழைத்த பழம்பதிகளுள் புழலும் ஒன்று. முதல் தீர்த்தங்கரராகிய ஆதிநாதர் அங்கே எழுந்தருளியுள்ளார். அவரை வழிபடச் செல்லும் நம்மில் பலர் அருகிலுள்ள பெரிய ஏரியைக் கண்டிருப்போம். அது நிறைந்து வழியும்போது அந்நீர் எங்கே செல்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் ஆகிய ஊர்களைக் கடந்து, எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தை அது அடைகிறது. அக்கழிமுகத்தின் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகிறோம்.

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் உவர்நிலம் அது. அலையாத்தி மரங்களின் வேர்களிடையே இறாலும் நண்டும் மடவை மீனும் இளம் பருவத்தில் அடைக்கலம் பெறுகின்றன. சேற்றில் மட்டிகள் வாழ்கின்றன. கூழைக்கடாக்கள் இரை தேடி வருகின்றன. தொல்காப்பியத்தின் மரபியல் மரத்திற்கு ஓரறிவும் நத்தை போன்றவற்றிற்கு ஈரறிவும் நண்டிற்கு நான்கறிவும் கூறுகிறது. ஜைன ஆகமங்களும் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுத்து, நீரையே உடலாகக் கொண்ட உயிர்களும் உண்டு என்கின்றன. இவ்வகை உயிர்கள் பலவும் ஒருசேர வாழும் இடமாகவே எண்ணூர் விளங்கியது.

1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டப்பட்டது. எண்ணூர், அத்திப்பட்டு உப்பளங்களின் உப்பு படகேறி நகருக்கு வந்தது. பின்னர் நீட்டிக்கப்பட்ட அக்கால்வாய் 1878இல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்டது. 1875இல் துறைமுகத்திற்கான கட்டுமானம் தொடங்கியது. கடலுக்குள் நீண்ட அதன் சுவர்கள், வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் தம் கரையைக் கடலுக்குப் பறிகொடுத்தன. ஓரிடத்தின் ஆக்கம் மற்றோரிடத்தின் இழப்பானதற்கு இது முதற்சான்று.

அதன்பின் 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1970இல் எண்ணூரில் அனல்மின் நிலையமும், 2001இல் புதிய துறைமுகமும் செயற்படத் தொடங்கின. நகருக்கு மின்சாரமும் எரிபொருளும் கிடைத்தன; கழிமுகத்திற்கோ நிலக்கரிச் சாம்பலும் கழிவும் வந்து சேர்ந்தன. 2017 சனவரியில் இரு கப்பல்கள் மோதியதால் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், கழிமுகம் எங்கும் படர்ந்தது. அலையாத்தி வேர்கள் கருத்தன. கூழைக்கடாக்களின் சிறகுகளில் எண்ணெய் ஒட்டியது. காட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் வாளிகளால் அதனை அள்ளினர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மீன்பிடித்தலை ஏற்காத நாம் மீனவரின் துயரைப் பேசுவது எங்ஙனம் பொருந்தும்? வலை சில உயிர்களைக் கவர்கிறது. நஞ்சோ உயிர்கள் தோன்றும் இடத்தையே அழிக்கிறது. முன்னதை விலக்கிய நாம் பின்னதைக் கண்டு வாளாவிருத்தல் அறமாகாது. அன்றியும் எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்னும் மரபு உண்டு. மீன்பிடிக்கும் இடங்களை ஒருவரே கைக்கொள்ளாமல், முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. அளவுக்கு மீறிப் பற்றாமை என்னும் அபரிக்கிரகத்தை அங்கே நாம் ஓரளவு காணலாம்.

இல்லறத்தார்க்கு ஜைன நூல்கள் விலக்கிய பதினைந்து தொழில்களுள், ஏரி குளங்களை வற்றச் செய்தலும் நஞ்சு விற்றலும் அடங்கும். நீர்நிலையை அழித்து ஈட்டும் பொருள் தூய பொருளன்று என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். துறைமுகத்தையும் இருப்புப் பாதையையும் சார்ந்து வளர்ந்த இந்நகரின் வணிகத்தில் நம் சமூகத்தாருக்கும் பங்குண்டு. ஆதலின் எண்ணூரின் கடனிலும் நமக்குப் பங்குண்டு.

பர்யூஷண நிறைவில் அறிந்தும் அறியாமலும் செய்த தீங்குகளுக்காக எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டுகிறோம். அவ்வேளையில் புழலின் உபரிநீர் சென்று சேரும் கழிமுகத்து உயிர்களையும் நினைவோமாக. கிடங்கு கட்டவோ மனை வாங்கவோ முற்படுமுன், அவ்விடம் முன்பு நீர்வழியாக இருந்ததா என ஒருமுறை கேட்டறிவோமாக. வேண்டிய மன்னிப்பு மெய்யானது என்பதற்கு அதுவே அடையாளமாகும்.