கழிவுநீரில் கிடைத்த மருந்து: சார்டீனியாவிலிருந்து தரமணி வரை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மயிலாப்பூர் மாடவீதிகளில் மருந்துக்கடைகளின் முன் கூட்டம் கூடிவிடும். 'போன தடவை டாக்டர் எழுதிக் கொடுத்தாரே, அதே மாத்திரை நாலு கொடுங்க' என்று சீட்டில்லாமல் கேட்பவரை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். உண்மையைச் சொல்வதென்றால், அப்படிக் கேட்டும் இருக்கிறோம். அட்டையிலிருந்து கத்தரித்துத் தரப்படும் அந்த நான்கு மாத்திரைகள் பல நேரங்களில் செஃபிக்ஸைமாகவோ செஃபலெக்சினாகவோ இருக்கும். இரண்டும் செஃபலோஸ்போரின் என்னும் ஒரே குடும்பத்து நுண்ணுயிர்க்கொல்லிகள். கோயிலுக்கும் குளத்துக்கும் வரலாறு தேடும் நாம், சட்டைப்பையில் கிடக்கும் மாத்திரைக்கும் ஒரு வரலாறு உண்டென்று எண்ணுவதில்லை. அவ்வரலாற்றின் முக்கியமான சில பக்கங்கள் நம் சென்னையிலேயே எழுதப்பட்டவை.

கதை தொடங்குவது இத்தாலியின் சார்டீனியாத் தீவில். உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், காலியாரி நகரில் சுகாதாரவியல் பேராசிரியராக இருந்தவர் ஜியூசெப்பே ப்ரோட்சு. நகரின் கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்தருகே மக்கள் குளிக்கிறார்கள். ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு டைஃபாய்டு காய்ச்சல் வருவதில்லை. ஏன்? அந்நீரில் டைஃபாய்டு கிருமியை அடக்கும் ஏதோ ஒன்று இருக்கவேண்டும் என்று ஊகித்த ப்ரோட்சு, அங்கிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அதன் சாறு பலவகைக் கிருமிகளைக் கொன்றது. 1948இல் தம் முடிவுகளை அவர் வெளியிட்டார். பெரிய ஆய்வு வசதியில்லாத நிலையில், பூஞ்சை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பயணமாயிற்று. பென்சிலினை மருந்தாக்கிய அதே கூடத்தில், எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் 1953இல் அதிலிருந்து 'செஃபலோஸ்போரின் சி' என்ற பொருளைக் கண்டறிந்தனர்.

இதன் சிறப்பு என்ன? பென்சிலினின் வலிமை நான்கு அணுக்களால் ஆன ஒரு சிறு வளையத்தில் இருக்கிறது. அவ்வளையத்தை வெட்டும் நொதி ஒன்றைச் சில கிருமிகள் அதற்குள் கைவசப்படுத்தியிருந்தன. செஃபலோஸ்போரினிலும் அதே வளையம் உண்டு. ஆனால் அன்றைய நொதிக்கு அது எளிதில் மசியவில்லை. 1964இல் இக்குடும்பத்தின் முதல் மருந்து ஊசியாக வந்தது. 1970ஐ ஒட்டி வாய்வழி உட்கொள்ளும் செஃபலெக்சின் வந்தது. ஜப்பானில் உருவான செஃபிக்ஸைம் 1980களில் சேர்ந்துகொண்டது. மருத்துவமனைக் கட்டிலில் ஊசியாக ஏறிய மருந்து வீட்டு அலமாரிக்குள் புகுந்த கதை இதுதான்.

இப்போது நம்மூருக்கு வருவோம். 1992இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆர்கிட் நிறுவனம், மாமல்லபுரம் போகும் வழியில் ஆலத்தூரில் ஆலை அமைத்துச் செஃபலோஸ்போரின்களைப் பெருமளவில் தயாரித்து ஏற்றுமதி செய்தது. மருந்து பெருகியது, விலை எளியதானது. எத்தனையோ உயிர்களை அது காப்பாற்றியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எளிதாகக் கிடைப்பது எளிதாகவே விழுங்கவும் படும். ஜலதோஷத்துக்கும் டெங்குவுக்கும் காரணம் வைரஸ். இம்மருந்து பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். தேவையின்றி உட்கொள்ளும் ஒவ்வொரு மாத்திரையும் நம் குடலில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுள் எளியவற்றை அழித்து, எதிர்க்கத் தெரிந்தவற்றை மட்டும் மிச்சம் வைக்கிறது.

மிச்சமானவை என்ன ஆயின என்ற செய்தி 2010 ஆகஸ்டில் வந்தது. அடையாற்றை அடுத்த தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல். முதலியார் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு, 'லான்செட்' குழும இதழொன்றில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. என்.டி.எம்-1 என்ற நொதியை உடைய பாக்டீரியாக்கள் சென்னையில் 44 மாதிரிகளிலும், ஹரியானாவில் 26 மாதிரிகளிலும், பிரிட்டனில் 37 மாதிரிகளிலும் கண்டறியப்பட்டிருந்தன. இந்நொதி செஃபலோஸ்போரின் வளையத்தை வெட்டுவதோடு நில்லாமல், கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த கார்பாபெனெம் மருந்துகளையும் வெட்டிவிடும். நொதியின் பெயரில் 'நியூ டெல்லி' இருந்ததால் நாட்டில் எழுந்த சர்ச்சையின் சத்தத்தில், நம் காதில் விழவேண்டிய எச்சரிக்கை பாதி அமுங்கிப்போனது.

முழுதும் அமுங்கிவிடவில்லை. 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் பலவற்றின் பிரதிநிதிகள் சென்னையில் கூடினர். தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்த அந்த முயற்சியில் பிறந்ததுதான் 'சென்னைப் பிரகடனம்'. சீட்டில்லாமல் எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் விற்கக்கூடாதென்று ஒரே நாளில் இறுக்கினால், மருத்துவரே இல்லாத சிற்றூர்களில் சாதாரண நிமோனியாவுக்கும் மருந்தின்றிப் போகும்; ஆகவே படிப்படியாகச் செல்வோம் என்றது பிரகடனம். குறையற்ற சட்டம் கிடைக்கும்வரை காத்திராமல் நடக்கக்கூடிய சட்டத்தைக் கேட்ட அந்த நிதானம் போற்றத்தக்கது. 2014 மார்ச் 1 முதல் 'எச்1' அட்டவணை நடைமுறைக்கு வந்தது. செஃபிக்ஸைம், செஃபோடாக்ஸைம், செஃப்போடாக்ஸைம் உள்ளிட்ட 46 மருந்துகளை விற்கும்போது எழுதித்தந்த மருத்துவர், நோயாளி, அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் பாதுகாக்கவேண்டும். செஃபலெக்சின் இப்பட்டியலில் இல்லை; ஆயினும் அதற்கும் மருத்துவர் சீட்டு கட்டாயமே.

ஆலத்தூர்க் கதைக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. ஆர்கிட் ஆய்வாளர்கள் கண்டறிந்த என்மெட்டாசோபாக்டம் என்ற பொருள், செஃபெபிம் என்னும் செஃபலோஸ்போரினோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. வளையத்தை வெட்டும் நொதிகள் சிலவற்றை அது முடக்குகிறது. பெருமைப்படலாம், ஆனால் அது ஊசி மருந்து, மேலும் என்.டி.எம் நொதியை அதனால் வெல்ல இயலாது.

ஆகவே கையிலிருக்கும் மாத்திரையைக் காப்பதே நமக்குள்ள வழி. மருத்துவர் எழுதித்தந்தால், பென்சிலின் ஒவ்வாமை முன்பு ஏற்பட்டிருப்பின் அதையும், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மருந்து ஆகியவற்றையும் மறவாமல் சொல்லவேண்டும். செஃபுராக்ஸைம், செஃப்போடாக்ஸைம் மாத்திரைகளை உணவோடு உட்கொண்டால்தான் உடலில் நன்கு சேரும். அமிலமுறிப்பு மருந்துகள் செஃப்போடாக்ஸைமின் பலனைக் குறைக்கும். வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாக விழுங்கலாகாது. காய்ச்சல் தணிந்ததென்று தாமாக நிறுத்துவதும், நல்லதுதானே என்று தாமாக நீட்டிப்பதும் தவறு. குழந்தைகளுக்கான தூள் மருந்தில் கொதித்து ஆறிய நீரைக் குறியீடு வரை ஊற்றி, ஒவ்வொரு முறையும் குலுக்கி, புட்டியில் குறித்துள்ள நாள்கள் கடந்தபின் மீதத்தைக் கொடுக்காமல் விட்டுவிடவேண்டும். உடலில் தடிப்பு வந்தால் மருத்துவரைக் கேட்கவேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்கு விரையவேண்டும். கடும் வயிற்றுப்போக்கோ மலத்தில் ரத்தமோ கண்டால், கடையில் கேட்டு நிறுத்து மருந்து வாங்குவது ஆபத்து. இம்மருந்து குடல் பாக்டீரியாக்களைக் குலைப்பதாலும் அது வரும். மருந்து முடிந்து சில வாரங்கள் கழித்துக்கூட வரலாம்.

டைஃபாய்டு வராததைக் கண்டு வியந்தவரால் கிடைத்த மருந்து இது. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், இக்குடும்பத்தின் வலிய ஊசியான செஃப்ட்ரையாக்ஸோனுக்கும் அடங்காத டைஃபாய்டு பரவியதை உலகம் கண்டது. ப்ரோட்சு கழிவுநீரில் மருந்தைத் தேடினார். இன்று நாம் விழுங்கும் மருந்தின் எச்சமும், அதை எதிர்க்கக் கற்ற கிருமிகளும் கழிவுநீரில்தான் சேர்கின்றன. அந்த நீர் அடையாற்றின் முகத்துவாரம் வரை செல்லும். அங்கிருந்து யார் வீட்டுக்குத் திரும்புமென்று எவராலும் சொல்ல முடியாது. தியாகராய நகரிலோ மயிலையிலோ அடுத்த முறை மருந்துக்கடை முன் நிற்கும்போது, 'சீட்டு இருக்கா?' என்று கடைக்காரர் கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். கேட்காவிட்டால்தான் நாம் கவலைப்படவேண்டும்.