கல்பனா சாவ்லா மேல் விழுந்த பழி

ஆகஸ்ட் 15 அன்று துணிச்சலான பெண்களுக்கு நம்ம தமிழ்நாடு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுக்கிறது. குழுக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தப்போ, “யாரும்மா அந்தக் கல்பனா?”ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கல்பனா ஹரியானா மாநிலம் கர்னாலில் பிறந்தவர். பிறந்தது 1962 மார்ச் 17. பதிவில் இருப்பதோ 1961 ஜூலை 1. (நம்ம தீர்த்தமலையிலும் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்தில் போட்ட தேதிதானே!) சண்டிகரில் விமானப் பொறியியல் படித்து, அமெரிக்கா போய் 1988-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். நம்ம தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கியதற்கு முந்தின வருஷம் அது. அதே வருஷம் நாசாவில் வேலை.

1997 நவம்பர் 19-ல் கொலம்பியா விண்கலத்தில் போனார். விண்வெளிக்குப் போன முதல் இந்திய வம்சாவளிப் பெண் இவர்தான். அங்கே இயந்திரக் கையை இயக்குவது அவர் வேலை. சூரியனை ஆராயும் ஸ்பார்ட்டன் என்ற செயற்கைக்கோளை அந்தக் கையால் வெளியே விட்டார். அது வேலை செய்யவில்லை. திரும்பப் பிடிக்கப் போனால் சுழன்று விலகிவிட்டது. மூன்று நாள் கழித்து இரண்டு வீரர்கள் வெளியே போய் வெறும் கையாலேயே பிடித்து வந்தார்கள்.

கல்பனாதான் தப்பு பண்ணிட்டாங்கன்னு பேச்சு கிளம்பியது. எனக்கு அந்த வேதனை தெரியும். குழுக் கணக்கு எழுதுறவ நான். ஒரு தடவை தவணையில் 1,200 ரூபாய் குறைந்தது. வேறொரு கணக்கில் வரவு வைத்திருந்தது தெரியும்வரை இரண்டு கூட்டம் தலை குனிஞ்சுதான் உட்கார்ந்திருந்தேன். நாசா விசாரித்தது. மென்பொருளிலும், மேலே இருந்தவர்கள், தரையில் இருந்தவர்கள் என இரு பக்க நடைமுறையிலும் குறை என்று தெரிந்தது. கல்பனா மேல் இருந்த பழி நீங்கியது. மறுபடியும் அவரையே தேர்வு செய்தார்கள்.

2003 ஜனவரி 16. அதே கொலம்பியா, ஏழு பேர். 16 நாள் ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தது. ஆனால் கிளம்பும்போதே டேங்கிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் அடித்து ஓட்டை போட்டிருந்தது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது சூடான காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்தது. தரையிறங்க 16 நிமிடம் இருக்கும்போது விண்கலம் உடைந்து சிதறியது. ஏழு பேரும் போய்விட்டார்கள்.

அப்போ நான் எட்டாவது. பிரேயரில் எங்களை மௌனமாக நிற்க வைத்தார்கள். பேப்பரில் வயது 41 என்று போட்டிருந்தது. அது பதிவுக் கணக்கு. உண்மையில் அவருக்கு 40 தான்.