மார்புக்குள் ஓர் அணு மின்கலம்

1970 ஏப்ரலில், பாரீஸின் ப்ரூஸே மருத்துவமனையில், அணு மின்கலத்தால் இயங்கும் இதயமுடுக்கி முதன்முதலாக ஒரு மனித உடலில் பொருத்தப்பட்டது. அக்காலத்துப் பாதரச மின்கலங்கள் ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் நோயாளி மீண்டும் அறுவை சிகிச்சைக்கு உள்ளாக வேண்டும். புளூட்டோனியம்-238இன் அரைவாழ்வோ ஏறத்தாழ 88 ஆண்டுகள். அதன் சிதைவு வெப்பத்தை மின்சாரமாக மாற்றினால், ஒரு கிராமுக்கும் குறைவான அளவே ஓர் ஆயுளுக்குப் போதும்.

சிக்கலும் அந்த நீண்ட ஆயுளில்தான் இருந்தது. நோயாளி இறந்தபின்னும் புளூட்டோனியம் உயிரோடிருக்கும். உடலை எரியூட்டுமுன் கருவியை அகற்றி, உரியவர்களிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். எனவே நோயாளிகள் இறுதிவரை கண்காணிக்கப்பட்டனர். 1972இல் இதயமுடுக்கிகளுக்கு லித்தியம்-அயோடின் மின்கலம் வந்தது. அதன் ஆயுள் குறைவே. ஆயினும் அது எந்தக் கண்காணிப்பையும் கோரவில்லை. மருத்துவர்கள் அதன் பக்கம் சாய்ந்தனர்.

2024இல் சீனாவின் பீட்டாவோல்ட் நிறுவனம், 50 ஆண்டுகள் உழைக்கும் என்று கூறி நிக்கல்-63 மின்கலம் ஒன்றை அறிவித்தது. அதன் திறன் 100 மைக்ரோவாட். கைப்பேசிக்கோ அதைப்போல் பல்லாயிரம் மடங்கு வேண்டும். திறன் ஒருநாள் பெருகக்கூடும். உடையவர் மறைந்தபின் அப்பொருளுக்கு யார் பொறுப்பு என்ற பாரீஸ் காலத்துக் கேள்வி அப்போதும் எஞ்சியிருக்கும்.