தமிழ் எழுத்து கற்பித்தல்: திண்ணையிலிருந்து வகுப்பறை வரை

குழந்தைக்குத் தமிழ் எழுத்தை எதன்மேல், எந்த வரிசையில், எந்த நோக்கத்தோடு கற்றுக்கொடுப்பது என்ற கேள்விக்குத் தமிழகம் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைக் கண்டது. மணல், பனையோலை, கற்பலகை, அச்சுநூல், கற்றல் அட்டை எனக் கருவிகள் மாறின. அவற்றோடு ‘வாசிக்கத் தெரியும்’ என்பதன் பொருளும் மாறியது. முன்பே மனப்பாடமான நூலை ஏட்டில் பின்தொடர்வது ஒருகாலத்தில் வாசிப்பாக இருந்தது. முன்பின் பார்த்திராத வரியைத் தானே படித்துப் புரிந்துகொள்வதே இன்று வாசிப்பு. இந்த மாற்றத்தில் ஆசிரியரின் பங்கு எவ்வளவோ, எழுத்து வடிவத்தின் பங்கும் அவ்வளவு. இராமநாதபுரம் கடற்கரையில் இவ்வரலாற்றுக்கு அரபுத்தமிழ் என்ற இன்னோர் இழையும் உண்டு.

திண்ணைப் பள்ளி

கோயில் மண்டபம், சாவடி, ஆசிரியரின் வீட்டுத் திண்ணை ஆகியவை பள்ளிகளாக இருந்த காலத்தில் கல்வி மணலில் தொடங்கியது. தரையில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தை வரையச் செய்வார்கள். வரையும்போதே ‘ஆனா, ஆவன்னா’ என்று எழுத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். கையும் வாயும் செவியும் ஒரே நேரத்தில் பழகின. மணலில் கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும்.

அரிச்சுவடிக்கும் எண்சுவடிக்கும் பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை போன்ற நீதிநூல்களும் நிகண்டும் வரும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான், ஒழுங்கையும் பார்த்துக்கொள்வான். வெவ்வேறு நிலையில் உள்ள பிள்ளைகளை ஒரே ஆசிரியர் நடத்த இந்த ஏற்பாடே உதவியது. பிழைசெய்த பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் ‘கோதண்டம்’ போன்ற கொடிய தண்டனைகளும் அங்கே இருந்தன.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

1789இல் சென்னை எழும்பூரிலிருந்த படைவீரர் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், தம் இல்லத்திலும் அதைக் கொண்டுவர முயன்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சிறியவர்களுக்குக் கற்பிக்க அமர்த்தினார், முயற்சி பலித்தது.

இதை விளக்கி 1797இல் இலண்டனில் அவர் நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் கொடையால் உருவான பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே அழைக்கப்படுகிறது.

1822 கணக்கெடுப்பு

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, பள்ளிகளின் நிலையை அறிய 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகக் கணக்கு வந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று மன்றோ கணித்தார்.

மாணவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. வீட்டில் கற்ற பிள்ளைகள் இக்கணக்கில் இல்லை என்றாலும், பெண்கல்வியின் பொதுநிலையை இந்த எண் காட்டுகிறது. தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை. ஆகவே, திண்ணைப் பள்ளி பரவலாக இருந்தது என்பதும், அது எல்லோருக்குமானதாக இல்லை என்பதும் சேர்த்தே சொல்லப்பட வேண்டியவை.

கடற்கரையின் இரண்டு எழுத்துகள்

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே பாக் விரிகுடாக் கரையில் உள்ள திருப்பாலைக்குடி, முஸ்லிம்களும் மீனவர்களும் வாழும் ஊர். இத்தகைய கடற்கரை ஊர்களில் முஸ்லிம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு ஓதும் இடத்துக்கும் செல்வது நீண்டகால வழக்கம். ஓரிடத்தில் இடமிருந்து வலம். மற்றதில் வலமிருந்து இடம். ஓதுதல் என்பது பழந்தமிழ்ச் சொல். ‘பள்ளி’ என்ற சொல்லும் அப்படியே. சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்த அது, பின்னர் பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் பொதுவாயிற்று.

இவ்விரண்டு எழுத்துகளுக்கும் பாலமாக இருந்தது அரபுத்தமிழ். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத ப, ட, ழ, ள போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்க்கப்பட்டன. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இவ்வெழுத்தில் எழுதிய ‘மகானி’ மார்க்கச் சட்டங்களை விளக்கும் நூல். குர்ஆன் ஓதக் கற்றிருந்த பெண்கள், தமிழ் எழுத்து தெரியாவிட்டாலும் இத்தகைய நூல்களைத் தம் தாய்மொழியில் வாசிக்க முடிந்தது. ஆனால் அரசு அலுவலகமும் பள்ளிப் பாடநூலும் தமிழ் எழுத்தில் இயங்கின. தமிழ் எழுத்துப் பள்ளிக்கல்வி பரவியபோது அரபுத்தமிழ் மெல்லப் பின்வாங்கியது.

புள்ளி செய்த மாற்றம்

எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால், ஏடுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரக் குறில்களுக்கும் முற்காலத்தில் புள்ளியே அடையாளம். அது விடுபட்டபோது ‘எரி’, ‘ஏரி’ இரண்டும் ஒரே வடிவில் நின்றன. ‘கொடு’, ‘கோடு’ என்பவையும் அப்படியே. சொற்களுக்கு இடையே வெளியும் இருக்காது. முன்பே பாடம் தெரிந்தவரே ஏட்டைத் தடையின்றி வாசிக்க முடியும். திண்ணைப் பள்ளி மனப்பாடத்துக்கு முதலிடம் தந்ததற்கு இது முக்கியமான காரணம்.

நெடில் ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் தந்தவர் வீரமாமுனிவர் (1680–1747) என்பது பரவலான கருத்து. இந்தியர்கள் அச்சகம் நடத்த இருந்த தடைகள் 1835இல் நீங்கியபின் அச்சுநூல்கள் பெருகின. புள்ளி, சொல்லிடைவெளி, நிறுத்தக்குறி ஆகியவை நிலைபெற்றன. அறியாத நூலையும் ஒரு சிறுவன் எழுத்துக் கூட்டி வாசிக்கும் வாய்ப்பு இப்படித்தான் விரிந்தது.

எனினும் மனப்பாடம் மறையவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்வு முடிவைப் பொறுத்து அரசு மானியம் வழங்கும் முறை வந்தது. ஆய்வாளர் வரும் நாளுக்காகப் பாடநூலையே ஒப்பிக்கவைக்கும் வழக்கத்தை அது வளர்த்தது.

எழுத்திலிருந்து சொல்லுக்கு

தமிழில் 247 எழுத்துகள் எனப் பட்டியலிட்டுக் கற்பித்தால் குழந்தை மலைக்கும். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகியவற்றோடு உயிர்க்குறிகளின் ஒழுங்கையும் அறிந்தால் மற்ற 216 எழுத்துகளையும் தானே அமைக்கலாம். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை நீக்கி, இந்த ஒழுங்கை மேலும் சீராக்கியது. பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் இத்தகைய வடிவங்களைக் கையாண்டிருந்தார்.

கற்பிக்கும் வரிசையும் மாறியது. இராமநாதபுரத்துக்கு வடக்கே புதுக்கோட்டையில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், முதியோருக்கு அகரவரிசையை விட்டு, ‘பட்டா’ போன்று வாழ்க்கையோடு தொடர்புள்ள சொற்களின் வழியே எழுத்தை அறிமுகப்படுத்தியது. பொருள் தெரிந்த சொல்லில் எழுத்து வரும்போது வாசிப்பதற்கு ஒரு காரணமும் கூடவே வந்தது.

இன்றைய வகுப்பறை

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007–08இல் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஒவ்வொரு குழந்தையும் ஏணிப்படி அட்டவணையில் தன் இடத்தை அறிந்து, அட்டைகளின் உதவியோடு தன் வேகத்தில் முன்னேற இம்முறை இடமளித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பைத் தொடர்ந்து 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அதில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் கற்கின்றனர்.

நிலை பார்த்துக் கற்பிப்பது திண்ணைக்கும் தெரிந்ததே. அன்று அடுத்த நிலைக்குச் செல்லும் தகுதி, ஒரு நூலைப் பிழையின்றிச் சொல்வது. இன்று, புதிய பத்தியொன்றை வாசித்துப் பொருள் சொல்வது. வீட்டில் ‘அவுக வந்தாக’ என்று பேசும் கடற்கரைப் பிள்ளை, ‘அவர்கள் வந்தார்கள்’ என்ற வரியைத் தன் பேச்சோடு பொருத்திப் புரிந்துகொள்ள வேண்டும். எழுத்து தெரிந்த பின்னும் மீதமிருக்கும் அந்தத் தொலைவைக் கடக்க உதவுவதே இன்றைய வகுப்பறையின் பணி.