தில்லைக் கோபுரங்களும் விருத்தகிரி ஆசாரிகளும்

இஸ்தான்புல்லில் சுல்தான் சுலைமானின் பெயர் தாங்கிய பள்ளிவாசலை 1550இல் தொடங்கிய கட்டடக் கலைஞர் சினான், 1557இல் முடித்துவிட்டார். கட்டச் சொன்னவர் யார், கட்டியவர் யார் என்பதில் குழப்பமில்லை; கட்டுமானக் கணக்கேடுகள்கூடக் கிடைத்துள்ளன. சிதம்பரம் நடராசர் கோயிலின் நான்கு பெருங்கோபுரங்களுக்கு அப்படி ஒரே நேரான வரலாறு கிடையாது. சோழர், காடவர், விசயநகரத்தார் என்று பலர் கைபட்டு உயர்ந்தவை அவை.

தஞ்சையில் ராசராசன் 1010இல் நிறைவுசெய்த கோயிலில் விமானம்தான் வானை முட்டும். வாயில்கள் அதற்கு அடங்கியவை. தில்லை எனப்படும் சிதம்பரத்தில் நிலைமை தலைகீழ். பொன்னம்பலம் சிறியது, மரத்தால் ஆனது. உயரம் முழுவதும் வாயிலுக்குப் போய்விட்டது. ஏழுநிலைக் கோபுரம் என்ற வடிவம் முதிர்ந்தது இங்கேதான் எனலாம். இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத் திருப்பணிகள் இதற்கு வித்திட்டன. நான்கில் மேற்குக் கோபுரமே மூத்தது என்பது கோபுரங்களை நுணுகி ஆராய்ந்த ஹார்லே போன்றோரின் முடிவு.

தெற்குக் கோபுரத்தைக் கல்வெட்டு ‘சொக்கச்சீயன்’ என்கிறது. சேந்தமங்கலத்திலிருந்து ஆண்ட காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கனின் பணி அது. 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அங்குள்ள பாண்டியரின் இணைக்கயல் சின்னத்தைப் பார்த்துவிட்டு ‘பாண்டியன் கட்டியது’ என்று சொல்வோர் உண்டு. கயலை வைத்து மட்டும் கோபுரத்தைத் தூக்கிப் பாண்டியனிடம் கொடுத்துவிட முடியாது.

கட்டுமான முறை எளிய கணக்கு. கீழே கருங்கல் அடுக்கு, மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும். கல் பாரத்தைத் தாங்கும். செங்கல் பாரத்தைக் குறைக்கும். மேல்பகுதி சிதைந்தால் பிரித்துக் கட்டலாம், கல் அப்படியே நிற்கும். ஆகவே ஒரு கோபுரத்தின் வயதை அறியச் சுதைச் சிற்பங்களைப் பார்த்துப் பயனில்லை. அதிட்டானம் என்னும் அடித்தளத்தையும் கோட்டங்கள் என்னும் சுவர் மாடங்களையும்தான் பார்க்க வேண்டும். கல் பகுதியில்தான் வேலைப்பாடும் எழுத்தும் நிலைக்கின்றன: கிழக்குக் கோபுர வாயிலில் நாட்டிய கரணங்களைக் கல்லில் வடித்து, நாட்டிய நூல் செய்த பரதரின் சுலோகங்களைக் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

கல் பகுதியை வைத்து வயதறியும் முறைக்கு வடக்குக் கோபுரம் நல்ல சோதனை. கலிங்கப் போரில் வென்று, பொட்நூரில் வெற்றித்தூண் நாட்டித் திரும்பிய கிருஷ்ணதேவராயர் 1516 வாக்கில் இதைக் கட்டியதாகக் கல்வெட்டு பேசுகிறது. வாயில் மாடத்தில் கைகூப்பி நிற்கும் அவர் சிலையும் இருக்கிறது. ஆனால் கல் அடுக்கின் அமைப்பு அதற்கு முந்தியது என்கிறார் ஹார்லே. அரசர் தொடங்கியவர் அல்லர், முடித்தவர் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அதே வாயிலில் இன்னும் சில சிற்றுருவங்கள் உள்ளன. பெயரும் பொறித்திருக்கிறார்கள்: விருத்தகிரி சேவகப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து, காரணாச்சாரி. அளவுகோலோடு காட்டப்பட்ட சிற்பாசாரிகள்! விருத்தகிரி என்பது சிதம்பரம் இருக்கும் அதே கடலூர் மாவட்டத்து விருத்தாசலம். சினானைப் பற்றி நூல் நூலாக எழுதியிருக்கிறார்கள். அவருக்கு ஒரு தலைமுறை முந்திய நம்மூர் ஆசாரிகளைப் பாடநூல்கள் பெயர்சொல்லிக்கூடக் குறிப்பிடுவதில்லை.

பிறகு இந்த மதில்கள் போரையும் கண்டன. 1781 ஜூனில் ஹைதர் அலியின் படை கோயிலுக்குள் இருக்க, அதைப் பிடிக்க வந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்றுத் திரும்பினார். ஜூலை 1இல் பரங்கிப்பேட்டையில்தான் அவருக்கு வெற்றி கிடைத்தது. அதே நூற்றாண்டில் கிழக்குக் கோபுரத் திருப்பணிக்குப் பச்சையப்ப முதலியார் பொருள் தந்தார்.

சிதம்பரம் போகிறவர்கள் வடக்கு வாயிலில் ராயரோடு நின்றுவிடாமல், அளவுகோல் பிடித்த அந்த ஆசாரிகளையும் தேடிப் பார்க்க வேண்டும்.