இல்லை என்பதும் அறியேன் என்பதும்

தமிழ்ப் பதிப்புலகின் முன்னோடிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை 1832ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்தவர். அவர் பெயரின் முன் நிற்கும் இரண்டு எழுத்துக்களும் வெறும் அலங்காரம் அல்ல. ‘சி’ என்பது சிறுப்பிட்டி. ‘வை’ என்பது தந்தையாராகிய வைரவநாதர். ஊர், தந்தை, ஆள் என்னும் மூன்றும் படிப்படியாக இறங்கிவரும் ஒரு வழிகாட்டி அது. அவரைத் தேடி வருபவர் குடாநாடு முழுவதையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. சிறுப்பிட்டிக்கு வழி கேட்டால் போதும். சிறுப்பிட்டியார் வைரவநாதர் மனையைக் காட்டுவர். அம்மனையார் மைந்தனைக் காட்டுவர்.

இவ்வாறு தேடிச் செல்பவர் வெறுங்கையோடு திரும்பவும் கூடும். அப்படித் திரும்புவதிலும் வகை உண்டு. “இப்பெயருடையார் இங்கு ஒருவரும் இல்லை” என்று ஊரார் உறுதியாகக் கூறலாம். “ஆள் உண்டு, ஆனால் இப்போது குடியிருக்கும் வீடு எங்கள் ஏட்டில் இல்லை” எனலாம். அல்லது படலை பூட்டிக் கிடக்க, கேட்பதற்கே எவரும் இல்லாதிருக்கலாம். மூன்றிலும் தேடிய ஆள் அகப்படவில்லை என்பது ஒன்றே. ஆயினும் அடுத்துச் செய்ய வேண்டியது ஒன்றன்று. முதல்வர் தேடலைக் கைவிடலாம். இரண்டாமவர் வேறு வகையில் விசாரிக்கலாம். மூன்றாமவர் நாளை மறுபடியும் வரவேண்டும்.

கணினிகளை ஒன்றோடொன்று இணைத்தவர்களுக்கும் இந்த வேறுபாடே பெருஞ் சிக்கலாக வந்து வாய்த்தது. கணினி மற்றொரு கணினியை எண்ணால் அறியும். மனிதரோ பெயரால் அறிவர். பெயரைக் கொடுத்து எண்ணைப் பெறுவதற்கு ஏடு ஒன்று வேண்டும். அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பில், 1970களிலே அந்த ஏடு ஒரே பட்டியலாக இருந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரன்போட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையிலே அது பேணப்பட்டது. புதிய கணினி ஒன்று சேர்ந்தால் அங்கு அறிவிப்பர். மற்றையோர் அப்பட்டியலைப் படியெடுத்துக்கொள்வர். கணினிகள் பெருகவே பட்டியல் நீண்டது. படி எடுத்து முடியுமுன்னே அது பழையதாயிற்று.

1983ஆம் ஆண்டிலே போல் மொக்கபெற்றிஸ் என்பவர் இதற்கு மாற்று வகுத்தார். ஆள்களப் பெயர் முறைமை என்பது அதன் பெயர். ஒரே ஏட்டிற்குப் பதிலாக, ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் ஏட்டைத் தாமே வைத்துக்கொள்வர். மேலுள்ளவர் கீழுள்ளவரிடம் வழி காட்டுவர். தாமோதரம்பிள்ளையின் பெயரிலே உள்ள ஒழுங்கே இது. நாம் ஊரை முதலிலும் ஆளை இறுதியிலும் வைக்கின்றோம். இணையப் பெயரோ ஆளை முன்னும் நாட்டைப் பின்னும் வைக்கும். வேறுபாடு அவ்வளவே.

1987இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகளில், விடை சொல்லும் சேவையகம் தன் விடையோடு ஓர் எண்ணையும் சேர்த்தனுப்ப வேண்டும் என்று வகுக்கப்பட்டது. பூச்சியம் என்றால் பிழையில்லை. இரண்டு என்றால் சேவையகம் தன் பணியைச் செய்ய இயலாது தவித்தது. மூன்று என்றால் அப்பெயரே இல்லை. ஐந்து என்றால் விடைகூற மறுப்பு. இவற்றுள் மூன்றாம் எண்ணுக்கு ஒரு வரம்பு விதித்தனர். அப்பிரிவின் ஏட்டிற்கு உரிமையுடைய சேவையகம் கூறினால் மாத்திரமே அதற்குப் பொருள் உண்டு. சிறுப்பிட்டியில் ஒருவர் இல்லை என்று சிறுப்பிட்டியார்தாம் சொல்ல வேண்டும், வழிப்போக்கர் சொல்லலாகாது.

ஆனால் இந்த எண்கள் கணினிகளுக்கிடையே மட்டும் நடமாடுபவை. கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கும், அவர் பயன்படுத்தும் செயலிக்கும் அச்செய்தியைக் கொண்டுவந்து சேர்ப்பது பணிசெயல் முறைமையின் கடமை. பழைய பட்டியலின் காலத்திலே இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியிருக்கவில்லை. பட்டியல் கையிலேயே இருந்தது; பெயர் அதில் இருக்கும், அல்லது இராது. தொலைவிலுள்ள சேவையகத்தைக் கேட்கத் தொடங்கிய பின்னரே ‘தெரியவில்லை’ என்னும் மூன்றாவது விடை பிறந்தது.

1980களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தார், தமது யுனிக்ஸ் முறைமையிலே இதற்கென நான்கு குறியெண்களை அமைத்தனர். ஒன்று: பெயர் இல்லை. இரண்டு: இப்போது விடையில்லை, மீண்டும் முயல்க. மூன்று: மீளமுடியாத பிழை. நான்கு: பெயர் உண்டு, கேட்ட முகவரி இல்லை. பின்னர் வந்த விண்டோஸ் முறைமையும் இந்நான்கையும் 11001 முதல் 11004 வரையான எண்களாக ஏற்றுக்கொண்டது. 1997இல் புதிய இடைமுகம் ஒன்று வகுக்கப்பட்டபோதும் இவ்வேறுபாடுகள் பேணப்பட்டன. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்திலோ ‘பெயர் உண்டு, முகவரி இல்லை’ என்ற குறி விதிநூலினின்றும் நீக்கப்பட்டது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். மின்னஞ்சலை எடுத்துக்கொள்வோம். பெறுநரின் ஆள்களப் பெயர் இல்லை என்று விடை வந்தால், அஞ்சற் சேவையகம் கடிதத்தை எழுதியவருக்கே உடன் திருப்பிவிடும். மீண்டும் முயல்க என்று வந்தால், வரிசையில் வைத்துக்கொண்டு நான்கைந்து நாள்வரை திரும்பத் திரும்ப முயலும். இரண்டையும் ஒன்றாக்கிவிடும் முறைமையிலே, ஒரு நாழிகை மின்சாரம் தடைப்பட்ட ஊரின் கடிதங்கள் யாவும் ‘அவ்வூரே இல்லை’ என்ற குறிப்போடு திரும்பிவிடும். இது பற்றியே, 1989இல் வெளிவந்த விதிகள், தற்காலிகப் பிழையைச் செயலிக்குத் தனியே அறிவிக்க வேண்டும் என்று கட்டளையிட்டன.

இல்லை என்னும் விடைக்கு ஆயுளும் வகுக்கப்பட்டது. ஒருமுறை பெற்ற மறுப்பை நினைவில் வைத்துக்கொண்டால், திரும்பத் திரும்பக் கேட்கும் வீண் அலைச்சல் குறையும். அதை நெடுநாள் நம்பினாலோ, நேற்றுப் பிறந்த பெயரும் இன்று இல்லாததாகவே தோன்றும். 1998ஆம் ஆண்டு விதி, ஒன்று முதல் மூன்று மணி நேரம் வரை அதை நம்புவது நன்கு பயன்தந்துள்ளது என்றும், ஒரு நாளுக்கு மேற்படின் இடர் தரும் என்றும் குறித்தது.

பெயர்கள் பிறப்பதும் மறைவதும் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் புதியன அல்ல. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அயற் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று; வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று; காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. முதலாவது பெயர் ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகின்றது. ஏனைய இரண்டும் வழக்கிழந்தன. பழைய படத்தை வைத்துக்கொண்டு ஈழத்து அம்ஸ்ரர்டாமைத் தேடுபவருக்குப் பெயர் இல்லை என்ற விடையே கிடைக்கும். தீவோ இருந்த இடத்திலேயே இருக்கின்றது.

தமிழ் எழுத்தில் அமைந்த பெயர்களுக்கும் இதே நிலை நெடுங்காலம் இருந்தது. ஆள்களப் பெயர் முறைமை ஆங்கில எழுத்தையும் எண்ணையும் சிறுகோட்டையும் மட்டுமே வழக்கமாக ஏற்றது. பிற எழுத்துக்களை அவற்றால் எழுதிக்காட்டும் முறை 2003இல் வகுக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் ‘இலங்கை’ என்னும் சொல் தமிழ் எழுத்திலேயே நாட்டுப் பெயராக இணையத்தின் வேர் ஏட்டில் ஏறியது. அந்த நான்கெழுத்துச் சொல் உள்ளே பதினாறு குறிகளாக உருமாறிச் செல்கின்றது. இன்னும் ஓர் இடர் உண்டு. ‘ஔவை’ என்பதை ‘ஔ’ என்ற ஒரே எழுத்தால் தொடங்கலாம். ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து எழுதியும் தொடங்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இருவேறு பெயர்கள். ஒன்றைப் பதிந்து மற்றதைத் தேடினால், இல்லை என்ற குறியே வரும்.

இலங்கைக்குரிய ஆங்கில ஆள்களக் குறி பதியப்பட்டது 1990இல். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டை நாட்டின் ஏனைய பகுதிகளோடு இணைத்த பெருவழி அடைபட்டது. 2002இல் திறந்த அவ்வழி 2006இல் மறுபடியும் மூடுண்டு, 2009இன் பின்னரே நிலையாகத் திறந்தது. அக்காலத்தில் வெளியிலிருந்து ஒருவரைப் பற்றி விசாரித்து விடை பெறாத உறவினர்க்கு, அவர் இல்லையோ, வழிதான் இல்லையோ என்பது விளங்கவில்லை. ‘மீண்டும் முயல்க’ என்பதே அவர்களுக்கு உரிய குறியாயிற்று.

காணாமற்போனோர் வகையிலே இந்த வேறுபாடு சட்டத்துக்கும் எட்டியது. 2010ஆம் ஆண்டுச் சட்டம், ஓராண்டுக்கு மேலாகக் காணாதவரின் மரணத்தைப் பதிய வழி செய்தது. சொத்துரிமைக்கும் உதவிப்பணத்திற்கும் பத்திரம் வேண்டியிருந்தது. ஆனால் மகன் இறந்தான் என்று தன் கையால் ஒப்பமிடத் தாய்மார் பலர் இசையவில்லை. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், இறந்தார் என்று கூறாமல், காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழ் ஒன்றை ஏற்படுத்தியது.

பேர்க்கிலியில் ஒன்றையும் இரண்டையும் வேறு வேறு எண்களாக வைத்தவர்கள் இதனை எண்ணிச் செய்தவர்கள் அல்லர். கடிதங்கள் வீணே திரும்பாதிருக்க வேண்டும் என்பதே அவர்கள் கவலை. எனினும் விடை கூறும் எவருக்கும் உரிய நேர்மை அதில் அடங்கியிருக்கின்றது. அறிந்து கூறும் இல்லையை, அறியாமையாற் கூறும் இல்லையோடு கலத்தலாகாது.